"அளவு நன்றாகத்தானே இருக்கிறது, டாக்டர்?"

ரத்தப் பரிசோதனைத் தாளை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் அந்தப் பெண் கேட்டார். சீரம் ஃபோலேட், அதாவது ரத்த நீரில் உள்ள ஃபோலேட் என்ற பி வைட்டமினின் அளவு, தாராளமாகவே இருந்தது. அவருக்கு ஒன்பதாவது வாரம். அந்த வைட்டமினைத் தரும் ஃபோலிக் அமில மாத்திரையைத் தொடங்கியது ஏழாவது வாரம் கடந்த பிறகு. "ஆமாம்" என்று சொல்லியிருந்தால் அது பொய்யில்லை. நான் சொன்னது வேறு: "நீங்கள் இப்போது மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதைத்தான் இந்த எண் காட்டுகிறது. முதல் வாரங்களில் எவ்வளவு இருந்தது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது."

சொன்னதில் பிழை எதுவும் இல்லை. இதை எனக்கே பலமுறை சொல்லிக்கொண்டுவிட்டேன். சீரம் ஃபோலேட் அண்மையில் உள்ளே போனதற்கேற்ப ஏறி இறங்கும். சில நாள் மாத்திரையிலேயே எண் அழகாகிவிடும். ஆனால் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழாய், கருத்தரித்துச் சுமார் 28 நாட்களில் மூடிக்கொள்கிறது. அது சரியாக மூடுவதற்குத்தான் ஃபோலேட் தேவை; மூடாமல் போனால் குழந்தைக்குப் பிறவிக் குறை. கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணினால் அது ஆறாவது வாரம். நாள் தள்ளிப்போனது பலருக்கு உறைக்கும்போது அந்த வேலை ஏறக்குறைய முடிந்திருக்கும். அதனால்தான் கருத்தரிப்பதற்கு ஒரு மாதமாவது முன்பிருந்தே தினமும் 400 மைக்ரோகிராம் என்கிறோம். அதைக் கேட்க வேண்டியவர்கள் மட்டும் அப்போது எங்களிடம் வருவதில்லை. கர்ப்பிணிகள் பிரிவு என்று பலகை மாட்டிவிட்டு, கர்ப்பத்துக்கு முன் ஏன் வரவில்லை என்று யாரைக் கேட்பது?

அவர் விடவில்லை. "அந்த வாரங்களின் அளவைத் தெரிந்துகொள்ள வழியே இல்லையா?"

ஓரளவுக்கு உண்டு. சிவப்பணு எலும்பு மஜ்ஜையில் உருவாகும்போதே ஃபோலேட்டை எடுத்துக்கொள்கிறது. தன் 120 நாள் ஆயுள் முழுவதும் அதைச் சுமந்து திரிகிறது. ஆகவே சிவப்பணு ஃபோலேட் கடந்த சில மாதங்களின் கதையைச் சொல்லும். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் அதற்கு லிட்டருக்கு 906 நானோமோல் என்று ஓர் எல்லையும் குறித்தது. ஆனால் அது மக்கள்தொகைக்கான அளவுகோல். ஒரு தாயின் வயிற்றிலுள்ள குழந்தையைப் பற்றிய தீர்ப்பு அல்ல. குறைவாக இருந்தும் பெரும்பாலான குழந்தைகள் நலமாகப் பிறக்கின்றன. போதுமானது இருந்தும் சிலருக்குக் குறை வருகிறது. மூடாமல் போன குழாயை எந்த மாத்திரையும் இனி மூடப்போவதில்லை. "அந்தப் பரிசோதனை வேண்டாம், ஸ்கேனில் பார்த்துக்கொள்ளலாம்" என்றேன்.

பக்கத்து மேசையில் இருந்த மூத்த மருத்துவர் பிறகு என்னிடம், "கையில் இருந்த எண்ணைப் பிடுங்கிக்கொண்டீர்கள், கேட்ட எண்ணையும் தரவில்லை" என்றார்.

"பொய்யான நிம்மதியைக் கொடுத்திருக்க வேண்டுமா?"

"நிம்மதி பொய்யில்லை. அதற்கு அவர் வைத்திருந்த காரணம்தான் தவறு."

இந்தப் பதிலோடுதான் இன்னும் மல்லுக்கட்டுகிறேன். அந்தப் பெண்ணுக்கு வலிப்பு மருந்து இல்லை, நீரிழிவு இல்லை, முன்பு இப்படிப் பாதிக்கப்பட்ட குழந்தையும் இல்லை. பயப்பட வேண்டிய தேவை உண்மையிலேயே குறைவு. முன்பு பாதிக்கப்பட்ட கர்ப்பம் இருந்தவராக இருந்தால் எனக்குத் தயக்கமே வந்திராது. அத்தகையவர்களுக்கு 4 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்து 1991-இல் வெளிவந்த ஆய்வில், குறை மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்தது. அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே தொடங்க அந்தத் தகவல் பயன்படும். இவருக்கு என் விளக்கம் எதற்குப் பயன்பட்டது? அடுத்த முறைக்கு என்று சொல்லலாம். ஒன்பதாவது வாரத்தில் இருப்பவரிடம் அடுத்த முறையைப் பற்றிப் பேசுவதா?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நான் தலையாட்டியிருந்தால், "எட்டாவது வாரத்தில் தொடங்கினேன், அளவு சரியாகிவிட்டது" என்று அவர் நாலு பேரிடம் சொல்லியிருப்பார். அவர்களில் ஒருத்தி அதை நம்பி மாத்திரையைத் தள்ளிப்போட்டிருக்கலாம். இது வலுவான வாதம் என்றே இப்போதும் நினைக்கிறேன். முன்பின் அறியாத அந்த ஒருத்திக்காக, எதிரே இருப்பவரைக் கலங்க வைக்கலாமா என்பதற்கு மட்டும் அந்த வாதத்தில் பதில் இல்லை.

ஸ்கேனில் ஒரு குறையும் இல்லை. அதனால் எதுவும் தீரவில்லை; நான் வாயே திறக்காமல் இருந்திருந்தாலும் அதே ஸ்கேன்தான். இடைப்பட்ட வாரங்களை எப்படிக் கழித்தார் என்று நான் கேட்கவில்லை.

அண்மையில் இன்னொருவர் அதே போன்ற தாளோடு, தங்கையையும் அழைத்துக்கொண்டு வந்தார். அளவைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. நானும் 12 வாரம் முடியும்வரை மாத்திரையை விடாதீர்கள் என்பதோடு நிறுத்திக்கொண்டேன். வரிசை நீளமாக இருந்ததாலா, மூத்தவர் சொன்னது உள்ளே இறங்கியதாலா, தெரியவில்லை. தங்கைக்குக் குழந்தை பெறும் எண்ணம் இருப்பது பேச்சில் தெரிந்தது. சரியான ஆள் சரியான நேரத்தில் கிடைத்த உற்சாகத்தில் 28 நாள் கணக்கு முழுவதையும் அவரிடம் விளக்கினேன். அக்கா குறுக்கிட்டார்: "நான் எந்த வாரத்தில் தொடங்கினேன் என்று குறித்திருக்கிறீர்களா, டாக்டர்?"

குறித்திருந்தேன். இந்த முறை ஸ்கேனைப் பற்றி முதலில் பேசினேன்.