தண்ணீர் ராக்கெட்: கார்க்கைக் கவனியுங்கள்

சோடா பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, வாயைக் கார்க்கால் அடைத்துக் கவிழ்த்து, பம்பால் காற்றடித்தால், அழுத்தம் தாங்காமல் கார்க் கழன்று தண்ணீர் கீழே பீறிட, பாட்டில் மேலே பாயும். அதுதான் தண்ணீர் ராக்கெட். அதைச் செய்யச் சொன்னால் பிள்ளைகள் இறக்கை வெட்டுவதிலும் வண்ணம் அடிப்பதிலும் பாதி நாளைக் கழித்துவிடுவார்கள். அடிக்கட்டும், தப்பில்லை. ஆனால் எவ்வளவு உயரம் போகும் என்பதைத் தீர்மானிப்பது பாட்டில் வாயில் செருகும் கார்க்தான். சோடா பாட்டில் வாயின் உள்விட்டம் சுமார் 21.5 மி.மீ. உள்ளே 40 பிஎஸ்ஐ (டயர் காற்றை அளக்கும் அதே அழுத்த அலகு) ஏறினால் கார்க்கைத் தள்ளும் விசை ஏறக்குறைய 10 கிலோ எடை. லேசாகச் செருகிய கார்க் அதில் பாதிகூட ஏறுமுன் பிடுங்கிக்கொள்ளும்; ராக்கெட் தவளை மாதிரி ஒரு தாவு தாவி விழும்.

லேப் சாமான் கடைகளில் கிடைக்கும் ஒரு துளை ரப்பர் கார்க் போதும். துளையில் சிறு பித்தளைக் குழாயை இறுக்கி, அதில் 5 மீட்டர் ஓஸை மாட்டிக் கிளிப் போடுங்கள். ஓஸின் மறுமுனையில், அதாவது பம்ப் பக்கம், பழைய ஸ்கூட்டர் டியூபின் உலோக வால்வு. பஞ்சர் கடையில் கேட்டால் தருவார்கள். பலரும் வால்வைக் கார்க்கிலேயே வைக்கிறார்கள். அப்படி வைத்தால், கார்க் சிக்கிக்கொண்டு ராக்கெட் கிளம்பாதபோது காற்றை இறக்க யாராவது பாட்டிலுக்குப் பக்கத்தில் போயாக வேண்டும். பம்ப் பக்கம் இருந்தால் தள்ளி நின்றே வால்வு ஊசியை அழுத்தலாம். தண்ணீரும் பம்புக்குள் ஏறாது.

கார்க்கையும் பாட்டில் வாயையும் துடைத்துக் காயவைத்து, திருகியபடி செருகுங்கள். ஈர ரப்பர் வழுக்கும். கார்க்கில் பேனாக்கோடு போட்டு ஒவ்வொரு முறையும் அதுவரை செருகினால் கார்க் கழலும் அழுத்தம் பெரிதாக மாறாது.

பாட்டில் 1.25 லிட்டர் கோலா பாட்டிலாக இருக்கட்டும். குடிநீர் பாட்டில் கூடவே கூடாது, அது வாயு அழுத்தத்துக்குச் செய்ததல்ல. கீறலோ மடிப்பின் வெள்ளைக்கோடோ தெரிந்தால் தூக்கிப் போடுங்கள். சூடான பசை பாட்டிலின் பெட் (PET) பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். இறக்கைகளை டபுள் சைடு டேப்பால் ஒட்டுங்கள். மூன்று இறக்கைகள் வாய்ப்பக்கம் வரட்டும். வாயைத் தாண்டி 10 செ.மீ. நீண்டால் அவையே கால்களாகும். கவிழ்த்த பாட்டிலின் அடிப்பக்கம்தான் மூக்கு; அதில் 50 கிராம் களிமண், மேலே ஸ்பாஞ்ச்.

தண்ணீர் ஊற்றாமல், சமநிலைப் புள்ளியில் கயிறு கட்டித் தலைக்கு மேல் சுழற்றிப் பாருங்கள். மூக்கு முன்னால் போனால் சரி. குறுக்காகப் புரண்டால் களிமண்ணைக் கூட்டுங்கள்.

தண்ணீர் 400 மில்லி, மூன்றில் ஒரு பங்கு. தள்ளும் ஆற்றல் அமுங்கிய காற்றில் இருக்கிறது, தள்ளப்படும் எடை தண்ணீரில். நிறைய ஊற்றினால் காற்றுக்கு இடமில்லை. ஊற்றாவிட்டால் வீசியெறிய எடையில்லை. வகுப்புக்கு 0, 200, 400, 600, 800 மில்லி என்று மாற்றி விடுவது நல்ல பரிசோதனை. கேஜ் (அழுத்தமானி) உள்ள பம்பில், கார்க் கழன்றபோது இருந்த அளவையும் குறியுங்கள். 60 பிஎஸ்ஐக்கு மேல் போக வேண்டாம். பம்ப் அடிப்பவருக்குப் பாதுகாப்பு மூக்குக்கண்ணாடி கட்டாயம்.

பெசன்ட் நகர் கடற்கரை என்றால் காலையிலேயே போய்விடுங்கள். கடற்காற்று எழுந்த பிறகு, நன்றாக நிலைபெற்ற ராக்கெட் காற்றை எதிர்த்துத் திரும்பிக் கடலைப் பார்த்தே போகும். மணலில் இறக்கைகள் புதையும், கீழே ஒரு பலகை போடுங்கள்.

உயரம் அளக்க, 30 மீட்டர் தள்ளி நின்று நூல்குண்டு கட்டிய பாகைமானியால் உச்சியைப் பாருங்கள். கோணம் 45 என்றால் உயரம் 30 மீட்டர், அதோடு உங்கள் கண்மட்டம்.