ஆக்சிலேட்டர் திருகை எப்போது தளர்த்துவது

மார்ச் 1

மகளுக்கு டர்ட் பைக், அதாவது மண்ணிலும் மேட்டிலும் ஓட்டும் சின்ன வண்டி, வந்துவிட்டது. யமஹா பிடபிள்யூ50. 49 சிசி, கியர் கிடையாது, கிளட்ச் தானாகவே பிடிக்கும், முன் பின் பிரேக் இரண்டும் ஹேண்டில்பாரிலேயே கையில். சீட் உயரம் ஒன்றரை அடிக்குச் சற்று மேல்தான் என்பதால் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படிகிறது. எனக்கு முதலில் வேண்டியது அதுதான். குட்டி வண்டிதானே என்று பார்க்கிறவர்கள் சொல்கிறார்கள், ஆனால் வண்டி சுமார் நாற்பது கிலோ, அவள் அதில் பாதி. அந்த எடைக்கு இந்த இன்ஜின் தாராளம்.

இன்று ஸ்டார்ட்கூடப் பண்ணவில்லை. தள்ளிக்கொண்டு போய் பிரேக் பிடிப்பது மட்டும்.

மார்ச் 2

ராத்திரி அவள் தூங்கியதும் பவரைக் குறைத்தேன். வலது கைப்பிடிக்குப் பக்கத்தில், ஆக்சிலேட்டர் கேபிள் உள்ளே போகும் இடத்தில் ஒரு சின்னத் திருகு நீட்டிக்கொண்டிருக்கும். லாக் நட்டைத் தளர்த்தி, திருகை உள்ளே விட விட, கைப்பிடி முறுக்கும் தூரம் குறைந்துகொண்டே வரும். இன்ஜினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து அனுப்பும் கார்புரேட்டர் அதற்கு மேல் திறக்காது, அவ்வளவுதான் வேலை. வேண்டிய அளவு வந்ததும் லாக் நட்டை மறுபடி இறுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் அதிர்வில் திருகு நகர்ந்துவிடும்.

அப்புறம் செய்ய வேண்டிய சோதனைதான் திருகைவிட முக்கியம். கைப்பிடியை முறுக்கி விட்டால் 'டப்'பென்று தானாகத் திரும்ப வேண்டும். பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி வைத்து, இன்ஜினை ஓடவிட்டு, ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்ப வேண்டும். அப்போது சத்தம் ஏறினால் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம், சரிசெய்யாமல் குழந்தையை ஏற்றவே கூடாது. ஐடிலையும், அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாதபோது இன்ஜின் ஓடும் வேகத்தையும், பார்க்கணும். அது அதிகமாக இருந்தால் தானியங்கி கிளட்ச் பிடித்து, ஆக்சிலேட்டரைத் தொடாமலேயே வண்டி நகரும்.

மார்ச் 8

திருகு எதற்கு என்று இன்று கண்ணெதிரே பார்த்தேன். புல்வெளியில் ஒரு சின்ன மேட்டில் ஏறியதும் வண்டி துள்ளியது, அவள் சீட்டில் பின்னால் சறுக்கினாள், கைகள் இரண்டும் நீண்டன, விழாமல் இருக்க ஹேண்டிலை இறுகப் பிடித்தாள், பிடித்த பிடியிலேயே ஆக்சிலேட்டர் கடைசிவரை முறுகிவிட்டது. பெரியவர்களுக்கும் இதுதான் நடக்கும்: வண்டி பாயும், உடம்பு பின்னால் போகும், உடம்பு போகப் போகக் கை இன்னும் முறுக்கும், இன்னும் பாயும். பயந்துபோன கைக்கு விடத் தெரியாது.

ஆனால் கடைசிவரை முறுக்கியும் வண்டி வேக நடை வேகத்தில்தான் போனது. பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த நான் கை வைப்பதற்குள் அவளே நிமிர்ந்து உட்கார்ந்து கையை விட்டுவிட்டாள். அந்த ஒரு நொடி அவகாசம் கிடைத்ததே, அதை வாங்கிக் கொடுத்தது அந்தத் திருகுதான்.

மார்ச் 9

தம்பி போன் பண்ணினான். "அண்ணா, பின் ஸ்ப்ராக்கெட்டை, அதான் செயின் ஓடுற பல்சக்கரத்தை, பெருசாக்கினா வேகம் குறையுமே?" குறையும், உச்ச வேகம். ஆனால் கிளம்பும்போது இழுவை கூடிவிடும், கற்றுக்கொள்ளும் குழந்தைக்கு வேண்டாததே அந்த இழுவைதான். அதோடு பிடபிள்யூ50-இல் செயினே கிடையாது, பின் சக்கரத்தைச் சுற்றுவது ஷாஃப்ட் என்ற சுழலும் தண்டு. கார்புரேட்டரில் பெட்ரோலைக் குறைத்துவிடலாம் என்று வேறு சிலர் சொல்வார்கள், தயவுசெய்து வேண்டாம். டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் பெட்ரோல் குறைந்தால் சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அவன் பையனிடம் இருப்பது ஹோண்டா சிஆர்எஃப்50எஃப், மூன்று கியர், கிளட்ச் லீவர் இல்லை. அதிலும் இதே மாதிரி திருகு உண்டு, அதைத் தேடச் சொன்னேன்.

மார்ச் 15

ரொம்பக் குறைத்தாலும் ஆபத்து, இதை யாரும் சொல்வதில்லை. இளகின மணலில் முன் சக்கரம் புதைந்தபோது வண்டிக்கு இழுக்கத் தெம்பில்லை, அப்படியே நின்று பக்கவாட்டில் சாய்ந்தது. ஓடுகிற சக்கரம்தான் நிமிர்ந்து நிற்கும். ஹெல்மெட்டும் முட்டிக் கவசமும் இருந்ததால் அழக்கூட இல்லை, எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு மறுபடி ஏறினாள். திருகை அரைச் சுற்று வெளியே எடுத்தேன், அதற்கு மேல் இல்லை.

மார்ச் 22

"அப்பா, இன்னும் கொஞ்சம் திறந்து விடுங்க" என்று காலையிலிருந்து கெஞ்சல். எத்தனை வாரம் ஓட்டினாள் என்பதை நான் கணக்கில் எடுப்பதே இல்லை, பிரேக்கைத்தான் பார்க்கிறேன். நான் கையைத் தூக்கும்போது, சக்கரத்தைக் குனிந்து பார்க்காமல், ஆக்சிலேட்டரை முதலில் விட்டு, இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து, சறுக்காமல் நேர்கோட்டில் நிற்க வேண்டும். களைத்துப்போன நேரத்திலும் அப்படியே நிற்க வேண்டும். இன்று காலையில் நின்றாள், சாயங்காலம் பின் பிரேக்கை மறந்தாள். அதனால் திருகைத் தொடவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், பரவாயில்லை.

எலெக்ட்ரிக் வண்டிகளில் இது இன்னும் சுலபம். ஸ்டேசிக்கில் மூன்று பவர் மோட், கேடிஎம் எஸ்எக்ஸ்-ஈ 5-இல் ஆறு. ஆனால் மோட்டை மாற்றுவது பட்டன் என்றால், பார்த்துக்கொண்டே இருக்கும் பிள்ளை ஒரே நாளில் அதைக் கற்றுக்கொள்ளும். எங்கள் திருகுக்காவது ஸ்பானர் வேண்டும், ஸ்பானர் என் பையில் இருக்கிறது.

அடுத்த வாரம் சின்ன இறக்கத்தில் பின் பிரேக் பயிற்சி. அதில் தேறினால் இன்னொரு அரைச் சுற்று.