ட்ரிங்கமலி: ஜம்சேட்ஜி வாடியாவின் போர்க்கப்பலை 1:64 அளவில் செய்த அனுபவம்

மரம் வாங்கும் முன் பின்புறத்தைத் தீர்மானித்துவிடுங்கள். ட்ரிங்கமலி இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்லிபூலில் மிதக்கிறது. நூற்றுக்கணக்கில் புகைப்படங்கள் கிடைக்கும். ஆனால் 1845-ல் அதன் அமரத்தை, அதாவது பின்பகுதியை, மாற்றிக் கட்டினார்கள், பீரங்கிகளையும் குறைத்தார்கள். 1817-ல் பம்பாயில் தண்ணீரில் இறங்கிய நிலையைச் செய்பவர் இன்றைய படத்தைப் பார்த்து அமரத்தைச் செதுக்கினால், முன்பாதி ஒரு காலம், பின்பாதி இன்னொரு காலம் என்றாகிவிடும்.

வரைபடத்துக்கே ஒரு கதை உண்டு. இதன் வடிவம் 1782-ல் பிரிட்டிஷார் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்த ஹீபே கப்பலிலிருந்து வந்தது. பம்பாய்க்கு அனுப்பிய முதல் பிரதி ஜாவா என்ற கப்பலில் போனது; 1812 டிசம்பரில் பிரேசில் கடற்கரைக்கு அப்பால் அமெரிக்கர்களின் கான்ஸ்டிடியூஷன் என்ற போர்க்கப்பல் அதைத் தோற்கடித்தது. வரைபடமும் அதோடு தொலைந்தது. அதே ஜாவாவில் வெல்லெஸ்லி என்ற 74 பீரங்கிக் கப்பலின் படங்களும் இருந்தன. ஜம்சேட்ஜி பொமன்ஜி வாடியா காத்திருக்கவில்லை. தாம் 1813-ல் முடித்த கார்ன்வாலிஸ் என்ற கப்பலின் கோடுகளையே வைத்து வெல்லெஸ்லியைக் கட்டி 1815-ல் இறக்கிவிட்டார். 1736-ல் சூரத்திலிருந்து பம்பாய்க்கு வந்த கப்பல் கட்டுநர் லவ்ஜியின் பேரன் அவர். 1810-ல் மின்டன் என்ற போர்க்கப்பலை முடித்திருந்த கை. ட்ரிங்கமலிக்கு மட்டும் புதுப் பிரதி வந்து, 1816-ல்தான் ஏரா, அதாவது கப்பலின் அடி முதுகெலும்பு மரம், போட்டார்கள்.

இனி வேலை. கீழ்த்தள நீளம் 150 அடி, நம் மாதிரியில் ஏறத்தாழ 715 மி.மீ. அகலம் 40 அடிக்கு ஒரு அங்குலம் குறைவு, அதாவது 190 மி.மீ.

கடற்படை வரைபடத்தின் கோடு வங்குகளின், அதாவது விலாக்கட்டைகளின், வெளிவிளிம்பைக் காட்டுகிறது. பலகை அதற்கு வெளியே வரும். பலர் சறுக்குவது இங்கேதான். இரண்டடுக்குப் பலகை அடிப்பதென்றால், 1.5 மி.மீ. முதல் அடுக்கை வங்கின் ஓரத்திலிருந்து கழித்தே ஒட்டுப்பலகையை அறுக்க வேண்டும். கழிக்காவிட்டால் இரு பக்கமும் சேர்த்து 3 மி.மீ. பருத்துவிடும், நிஜக் கப்பலில் அது 7 அங்குலத்துக்கும் மேல்.

முன்பக்க வங்குகளில் பின்முகம் கோட்டில் உட்கார வேண்டும். முன்னோரத்தை அரத்தால் சாய்க்கலாம். பின்பக்கத்தில் இது தலைகீழ். மாற்றி வைத்தால் சாய்ப்பதற்கு மரமே மிஞ்சாது. சாய்த்தபின் மெல்லிய குச்சி ஒன்றை நான்கைந்து வங்குகள்மேல் வளைத்துப் பாருங்கள். எங்கே தூக்குகிறதோ அங்கே மரம் அதிகம், எங்கே இடைவெளி தெரிகிறதோ அங்கே குறைவு. வரைபடம் வங்குக்கு வங்குதான் பேசும். நடுவிலுள்ள வளைவை ஓடாவியின், அதாவது கப்பல் தச்சனின், கண்தான் பார்த்தாக வேண்டும்.

அமரத்தின் அடியில் ஏராப் பலகையை இரு பக்கமும் மெலியச் செய்யுங்கள். இரு பக்கப் பலகைகளும் சேர்ந்து சுக்கான் தொங்கும் பின்கம்பத்தின் கனத்துக்குள் அடங்க வேண்டும். இதைத் தவிர்த்தவர்களின் கப்பலில் சுக்கான் ஒல்லியாகவும் அதன் முன் உடல் தடியாகவும் நிற்கும்.

வெளியடுக்குக்கு 4 மி.மீ. பலகை; நிஜத்தில் 10 அங்குலம். நடுவயிற்றில் அளந்து 128 மி.மீ. வந்தால் 32 வரிசை. அணியத்தில், அதாவது முன்பகுதியில், அதே 32 வரிசைக்கு 80 மி.மீ.தான் இருக்கிறது என்றால் ஒவ்வொன்றும் 2.5 மி.மீ.க்கு மெலிய வேண்டும். பாதிக்குக் கீழே மெலியவிடாதீர்கள். அந்த நிலை வந்தால் இரண்டு வரிசையை ஒன்றாக்கிவிடுங்கள். ஏராவை ஒட்டிய முதல் பலகையை அணியத்தில் மேலே ஏற்றிவிடுவது கிட்டத்தட்ட எல்லோரும் செய்யும் தவறு. அது ஏறினால் மேலே வரும் அத்தனை வரிசையும் நெருங்கிப் பிதுங்கும். இடம் ஒரு பலகை, வலம் ஒரு பலகை என்று மாறி மாறி ஒட்டுங்கள். ஒரே பக்கமாகப் போனால் உடல் முறுக்கிக்கொள்ளும், பிறகு நிமிர்த்தவே முடியாது.

தேக்கு? அசல் கப்பல் மலபார்த் தேக்கு. ஓக் மரத்தின் அமிலம் இரும்பு ஆணியை அரிக்கும். தேக்கின் எண்ணெய் அதைக் காக்கும். பம்பாய்க் கப்பல்கள் இத்தனை நாள் உழைத்ததில் அதற்குப் பெரும் பங்கு. ஆனால் மாதிரிக்குத் தேக்கு சரிப்படாது: ரேகை பெரிது, 1:64-ல் ஒவ்வொரு ரேகையும் விரிசல்போலத் தெரியும். மஞ்சக்கடம்பு நல்லது, ரேகை நெருக்கம், விளிம்பு உடையாது. தேக்குதான் வேண்டும் என்று பிடிவாதம் இருந்தால், ஒட்டும் முகத்தை அசிட்டோனால் துடைத்த கையோடு பசை வையுங்கள். அரைமணி கழித்து வைத்தால் எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும். கத்தியும் சீக்கிரம் மழுங்கும், மாற்று அலகு கையில் இருக்கட்டும்.

அடியில் செப்புத்தகடு 4 அடிக்கு 14 அங்குலம், அதாவது 19 மி.மீ.க்கு 5.6 மி.மீ. அமரத்திலிருந்து தொடங்கி முன்னோக்கி ஒட்டினால் முன்தகடு பின்தகட்டின்மேல் சரியாகப் படியும். ஆணித்தலையைப் புடைக்க வைக்காதீர்கள். இந்த அளவில் அது கண்ணுக்கே தெரியக் கூடாது.