இரண்டாம் முறை உடலியங்கியல்: தட்டணு வினாவில் கோட்டைவிட்ட கதை

நேற்று மறுதேர்வு முடிவு வந்தது. மருத்துவப் படிப்பின் முதலாண்டு உடலியங்கியலில் (physiology) தேறிவிட்டேன். முதல் முறை ஆறு மதிப்பெண்ணில் போனது. அந்த ஆறும் எங்கே போயின என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

'இரத்தம் உறைவதில் தட்டணுக்களின் பங்கு' என்பது கட்டுரை வினா. தட்டணு (platelet) என்பது இரத்தக் கசிவை அடைக்கும் நுண்ணிய அணுத்துண்டு. 'உறைதல்' என்ற சொல்லைக் கண்டதும் கை தானாக ஓடியது. இரத்தத்தை உறையவைக்கும் பன்னிரண்டு காரணிகள், அவை தூண்டப்படும் உள்வழி, வெளிவழி, அம்புக்குறிகள் என இரண்டரைப் பக்கம். தட்டணு என்ற சொல் அதில் மூன்று முறை வந்திருந்தால் அதிகம். திருத்தியவர்மேல் இருந்த கோபம் இன்னும் முழுதாகத் தணியவில்லை. ஆனால் கேட்டதை விட்டுக் கேட்காததை எழுதியவன் நான்தான்.

விடுமுறைக்குப் பள்ளத்தூர் வந்திருந்தபோது அப்பத்தா அரிவாள்மனையில் வாழைக்காய் நறுக்கும்போது கட்டைவிரலை வெட்டிக்கொண்டார். இதயத்துக்காகத் தினமும் ஆஸ்பிரின் எடுப்பவர். ஆத்தங்குடிக் கல் தரையில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டே இருந்தது. அடுத்த வீட்டு அத்தை காப்பித்தூளோடு ஓடி வந்தார். அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, துணியால் விரலை இறுக அழுத்திக்கொண்டு உட்கார்ந்தேன். நிற்கக் கால் மணி நேரம் ஆனது. "டாக்டருக்குப் படிக்கிற பிள்ளை, மருந்து ஒன்றும் இல்லையா ஐயா?" என்றார் அப்பத்தா.

அந்தக் கால் மணி நேரத்தில்தான் பாடம் வரிசைக்கு வந்தது. இரத்தக் குழாய் சுருங்குகிறது. கிழிந்த சுவரில் கொலாஜன் என்ற நார்ப்புரதம் வெளியே தெரிகிறது. அதன்மேல் வான் வில்லிபிராண்ட் காரணி என்ற இரத்தப் புரதம் படிய, தட்டணு தன் சவ்வில் உள்ள கிளைக்கோபுரதம் 1பி-யால் அதைப் பற்றிக்கொள்கிறது. பிறகு உருவம் மாறி, ஏடிபி (ADP), த்ராம்பாக்சேன் ஏ2 ஆகிய சேதிப்பொருள்களை வெளியிட்டு மற்ற தட்டணுக்களையும் அழைக்கிறது. வந்தவை 2பி/3ஏ என்ற இன்னொரு சவ்வுப் புரதம் வழியாக, நடுவே ஃபைப்ரினோஜன் என்ற இரத்தப் புரதத்தை வைத்துக் கைகோத்து அடைப்பாகின்றன. த்ராம்பாக்சேனுக்கு வேண்டிய சைக்ளோஆக்சிஜனேஸ் நொதியை ஆஸ்பிரின் முடக்கிவிடுகிறது. அப்பத்தாவின் விரலில் அந்த அழைப்புதான் பலமாகக் கேட்கவில்லை.

பலரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். கிளர்ந்த தட்டணுவின் சவ்வில் உள்ளே இருந்த பாஸ்போலிப்பிடு என்ற கொழுப்பு வெளிப்பக்கம் திரும்புகிறது. காரணிகள் கூடி, உறைகட்டியின் இழைகளை உருவாக்கும் த்ராம்பின் நொதியை உண்டாக்குவது அந்தத் தளத்தின்மேல்தான். நான் வரைந்த அம்புக்குறிகளில் முக்கியமானவை அங்கேதான் நடக்கின்றன. அந்த ஒரு வரியை எழுதியிருந்தால் இரண்டரைப் பக்கமும் விடையாகியிருக்கும்! கடைசியில் உறைகட்டியைச் சுருக்கி இறுக்குவதும் தட்டணுதான். அதையும் விடாதீர்கள்.

மனப்பாடமாக இருக்க வேண்டியவை:

- தட்டணு எண்ணிக்கை கன மில்லிமீட்டர் இரத்தத்துக்கு 1.5 முதல் 4.5 லட்சம். ஆயுள் 7–10 நாள். உட்கரு கிடையாது.
- 1பி குறைந்தால் பெர்னார்டு–சூலியே நோய், 2பி/3ஏ குறைந்தால் கிளான்ஸ்மன் நோய்.
- தட்டணு குறைந்தால் கசிவு நேரம் (சிறு காயத்தில் இரத்தம் நிற்க ஆகும் நேரம்) நீளும், உறைதல் நேரம் (வெளியே எடுத்த இரத்தம் உறைய ஆகும் நேரம்) மாறாது. உறைதல் காரணி குறையும் பரம்பரை நோயான ஹீமோஃபிலியாவில் நேர்மாறு. இதை மாற்றி எழுதியவர்கள் என் வகுப்பில் மட்டும் நான்கு பேர்.

கூடிப் படிப்பது எனக்கு ஒத்துவராது. விடியற்காலை நான்கு மணிக்குத் தனியாக, பழைய வினாத்தாளின் வினாவைப் பென்சிலால் அடிக்கோடிட்டு, அடிக்கோட்டில் உள்ள சொல்லை மட்டும் வைத்து எழுதிப் பார்த்தேன். உங்களுக்கு வேறு வழி சரிப்படலாம். அடிக்கோட்டை மட்டும் விடாதீர்கள்.

செய்முறையில் எனக்கு உறைதல் நேரம் வந்தது. இரத்தம் நிரப்பிய நுண்ணிய கண்ணாடிக் குழாயை அரை நிமிடத்துக்கு ஒரு முறை ஒடிக்க வேண்டும். ஐந்தாவது நிமிடத்தில் இரண்டு துண்டுகளுக்கும் நடுவே மெல்லிய இழை நீண்டது. பலகாரத்துக்குப் பாகு காய்ச்சும்போது விரலில் தொட்டு இழுத்துப் பார்ப்பார்களே, அதே கம்பிப் பதம். தேர்வாளர், "ஆஸ்பிரினை இன்று நிறுத்தினால் நாளைக்குச் சரியாகிவிடுமா?" என்றார். "உட்கரு இல்லாததால் தட்டணுவால் புது நொதி செய்துகொள்ள முடியாது, எலும்பு மஜ்ஜையிலிருந்து புதியவை வர வேண்டும், ஒரு வாரத்துக்கு மேல் ஆகும்" என்றேன். மேற்கொண்டு அவர் எதுவும் கேட்கவில்லை.

வினாடி முள் உள்ள கைக்கடிகாரம் கொண்டுபோங்கள். கைப்பேசியை வாசலிலேயே வாங்கிவிடுவார்கள். என் மேசைக்கு எதிரே இருந்த சுவர்க் கடிகாரம் ஓடவில்லை.