சூசையப்பர் மடத்தில் ஒரு கல்லறை

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸிலிருந்து வடக்கே போக பாண்ட்சர்ட்ரெய்ன் ஏரியைத் தாண்ட வேண்டும். பாலம் மட்டுமே 38 கிலோமீட்டர். நடுவில் வரும்போது எந்தப் பக்கமும் கரை கண்ணில் படாது. அக்கரையில் காவிங்டன். அமெரிக்க நாவலாசிரியர் வாக்கர் பெர்சி பாதி ஆயுளுக்கும் மேல் வாழ்ந்த சிற்றூர். பல வருடங்களாக அவரைப் படித்துவிட்டு, அவர் கல்லறையைப் பார்க்காமல் திரும்ப மனசு வரவில்லை.

பெர்சியின் தாத்தாவும் அப்பாவும் தற்கொலை செய்துகொண்டவர்கள். இவர் 1941ல் டாக்டர் ஆனார். நியூயார்க்கில் பிணப் பரிசோதனை செய்தபோது காசநோய் ஒட்டிக்கொண்டது. சானடோரியத்தில் படுத்த படுக்கையாகக் கிடந்த நாட்களில், அதுவரை அறிவியலை மட்டுமே நம்பியிருந்தவர் தனி மனிதனின் வாழ்வையே தத்துவத்தின் மையமாக்கிய இருத்தலியல்காரர்களைப் படிக்கத் தொடங்கினார். அவர்களில் அவரை உலுக்கியவர் டென்மார்க் தத்துவவாதி கீர்க்ககார்ட். மாபெரும் மாளிகையைக் கட்டிவிட்டு, தான் மட்டும் பக்கத்துக் குடிசையில் குடியிருப்பவன் என்று தத்துவவாதியைப் பற்றிச் சொன்னவர் அவர். காசநோய்க் கிருமியைப் பற்றி எல்லாம் தெரிந்த டாக்டருக்கு, சாகப் பிறந்த தான் இன்று சாயங்காலத்தை எப்படிக் கழிப்பது என்று தெரியவில்லை. மாளிகையும் குடிசையும் பற்றிய அந்த வரி அவரைச் சுட்டிருக்கும்.

1947ல் பெர்சியும் மனைவியும் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார்கள். தன்னை அங்கே கொண்டு சேர்த்த எழுத்துகளில் முதன்மையானது என்று பெர்சி சொன்னது, மேதைக்கும் திருத்தூதருக்கும் உள்ள வேறுபாடு பற்றி கீர்க்ககார்ட் எழுதிய கட்டுரையை. மேதை சொல்வதை என்றைக்காவது நாமே யோசித்துக் கண்டுபிடித்துவிடலாம். திருத்தூதர் கொண்டுவருவது சேதி. யாராவது வந்து சொன்னால்தான் உண்டு. கத்தோலிக்கத்திலிருந்து பிரிந்த லுத்தரன் சபையைச் சேர்ந்த ஒருவர் எழுதியதைப் படித்து ஒருவர் கத்தோலிக்கர் ஆனது எனக்கு இன்றும் வியப்புதான்.

ஆனால் பெர்சி கீர்க்ககார்டோடு முழுக்க ஒத்துப்போகவில்லை, எனக்குப் பிடித்ததே அந்த இடம்தான். கீர்க்ககார்டுக்கு விசுவாசம் என்பது அறிவு முட்டி நிற்கும் முரண். அதுவும் ஒருவகை அறிவுதான் என்று இடைக்காலக் கத்தோலிக்க இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் பக்கம் நின்றார் பெர்சி. தீவில் ஒதுங்கிய ஒருவன், கரையில் புட்டிகள், உள்ளே சீட்டுகள் என்று அதற்கு ஒரு கதை சொல்கிறார். ஈயம் எத்தனை டிகிரியில் உருகும் என்கிறது ஒரு சீட்டு. அடுத்த வளைவில் நல்ல தண்ணீர் இருக்கிறது என்கிறது இன்னொன்று. தாகத்தில் தவிப்பவனுக்கு இரண்டாவதுதான் சேதி. அதைச் சொல்ல இன்னொரு மனிதர் வேண்டும். தனியாக நிற்கும் கீர்க்ககார்டின் மனிதனை விட்டு, கூட இருக்கும் மனிதனைப் பற்றிப் பேசிய பிரெஞ்சுக் கத்தோலிக்கர் கபிரியேல் மார்செலிடம் அவர் நெருங்கியது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

காவிங்டனுக்குச் சற்று வடக்கே பைன் மரங்களுக்கு நடுவில் இருக்கிறது பெனடிக்ட் சபைத் துறவிகளின் புனித சூசையப்பர் மடம். கோயில் சுவரெல்லாம் நெதர்லாந்துத் துறவி கிரகோரி டி விட் தீட்டிய ஓவியங்கள். இங்குள்ள துறவிகள் சைப்ரஸ் மரத்தில் சவப்பெட்டி செய்து விற்கிறார்கள். அதைத் தடுத்த, சவ அடக்கத் தொழிலைக் கட்டுப்படுத்தும் மாநில வாரியத்தோடு நீதிமன்றம் வரை போய் ஜெயித்தார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் பெர்சியும் துறவிகளோடு கிடக்கிறார். சாவதற்குச் சில மாதங்கள் முன்பு, குடும்பத்தோடு இருந்தபடியே சபையின் ஒழுங்கை ஏற்கும் உறுப்பினராகியிருந்தார். பெயர், 1916, 1990. கல்லில் ஒட்டியிருந்த பைன் ஊசிகளைக் கையால் தள்ளிவிட்டேன். ஒன்று மட்டும் எழுத்தின் பள்ளத்தில் சிக்கியிருந்தது, நகத்தால் எடுக்க வேண்டியிருந்தது.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. கைத்தடியோடு வந்த ஒரு பெரியவர் பக்கத்தில் நின்றார். நான் யார், எங்கிருந்து வருகிறேன் என்றெல்லாம் கேட்கவில்லை. "இன்னும் பத்து நிமிஷத்தில் கோயிலில் செபம் ஆரம்பிக்கும், வாருங்கள்" என்றார். சரி என்று அவர் பின்னாலேயே நடந்தேன்.