1 இருந்த இடத்தில் 5: கெட்டுப்போன ஒரு பிட்டைத் தேடிப் பிடித்த அனுபவம்

புது ராம் (கணினியின் தற்காலிக நினைவகம்) போட்டு, ராத்திரி முழுக்கச் சோதனையை ஓடவிட்டு, காலையில் ஒரு பிழைகூட இல்லை என்று பார்த்த பிறகுதான் எனக்கு உயிரே வந்தது. கோப்புகள் சத்தமில்லாமல் கெட்டுப்போகும் சிக்கலில் மாட்டியவர்களுக்கு உதவட்டும் என்று, இதில் எது உதவியது, எது நேரத்தைத் தின்றது என்று எழுதிவைக்கிறேன்.

பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்ததையெல்லாம் புதியதற்கு மாற்றினேன். எந்த எச்சரிக்கையும் வராமல் வேலை முடிந்தது. சில நாள் கழித்து ஒரு ஜிப் கோப்பு திறக்க மறுத்தது, சி.ஆர்.சி (தரவு கெட்டிருக்கிறதா என்று பார்க்க உதவும் சரிபார்ப்பு எண்) பிழை என்றது. அப்புறம், பல வருடமாகக் குறித்துவரும் அளவீட்டு அட்டவணை ஒன்றில் ஓர் எண்ணுக்கு நடுவே சிறியது என்ற குறி (<) உட்கார்ந்திருந்தது. அங்கே 8 இருக்க வேண்டும்.

டிஸ்க்கின் மேல்தான் முதல் சந்தேகம். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையில், பழுதாகி மாற்றப்பட்ட செக்டர் (டிஸ்க்கின் சிறு பகுதி) பூஜ்யம், கேபிள் கோளாறைக் காட்டும் சி.ஆர்.சி எண்ணிக்கையும் பூஜ்யம். சரி, டிஸ்க்கும் கேபிளும் இல்லை. ஒரே கோப்புக்கு ஷா-256 ஹாஷை (உள்ளடக்கத்தில் இருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்) இரண்டு தடவை கணக்கிட்டபோதுதான் விஷயம் பிடிபட்டது: இரண்டு தடவையும் வேறு வேறு விடை. தொடாத கோப்பின் ஹாஷ் மாறினால் தரவு வரும் வழியில் ஏதோ ஒன்று பழுது. மற்றது சுத்தமாக இருந்தால் முதலில் ராமைத்தான் பார்க்க வேண்டும்.

இந்த நிலைக்கு வந்துவிட்டால் அந்தக் கணினியில் எதையும் எழுதாதீர்கள். தானாக ஓடும் பேக்கப்பை உடனே நிறுத்துங்கள், இல்லையென்றால் நல்ல நகலின் மேல் கெட்டது போய் உட்காரும். ஒத்திசைவு மென்பொருள் "இரண்டும் ஒன்றுதான்" என்று சொல்வதையும் நம்ப வேண்டாம். பெரும்பாலானவை அளவையும் தேதியையும் மட்டுமே பார்க்கின்றன. ஒரு பிட் (0 அல்லது 1 என்ற ஒற்றை இலக்கம்) புரண்டால் இரண்டுமே மாறாது. நகல் எடுத்த கையோடு சரிபார்ப்பதிலும் பொறி இருக்கிறது: டிஸ்க்கில் எழுதியதைப் படிக்காமல், ராமில் இன்னும் தங்கியிருக்கும் பிரதியையே இயங்குதளம் காட்டிவிடும். டிஸ்க்கைக் கழற்றி மாட்டி, முடிந்தால் வேறு கணினியில் வைத்துப் பாருங்கள்.

கணினியைச் சேவை மையத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்தவர் சில நிமிடத்தில் முடிகிற விரைவுச் சோதனையை ஓட்டி, "எல்லாம் பாஸ் சார், ஃபார்மட் பண்ணிப் பாருங்க" என்றார். ஹாஷ் மாறுகிறது என்று காட்டினேன். அவர் திரையைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. புகார்ச் சீட்டில் "குறை காணப்படவில்லை" என்று எழுதி நீட்டினார். ஃபார்மட் செய்திருந்தால் இருந்த தடயமும் போயிருக்கும். அதே பழுதான ராம் வழியாக எல்லாவற்றையும் மறுபடி நகலெடுத்து இன்னும் நாசமாக்கியிருப்பேன். இதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

வீட்டுக்கு வந்து, கோப்புகளின் நல்ல நகலையும் கெட்ட நகலையும் வேறொரு கணினியில் வைத்து லினக்ஸின் சி.எம்.பி கட்டளையால் பைட் பைட்டாக ஒப்பிட்டேன். எங்கே வேறுபட்டாலும் வித்தியாசம் சரியாக 4. கணினி ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் வைத்திருக்கும் எழுத்துக் குறியீட்டில் 1 என்ற இலக்கத்தின் எண் 49, 5-இன் எண் 53. 49-ஐ பிட்டுகளாக எழுதி, வலமிருந்து மூன்றாவது பிட் (அதன் மதிப்பு 4) 0-வில் இருந்து 1 ஆனால் 53. அதே பிட் எப்போதும் 1 என்றே ஒட்டிக்கொண்டதால் 0 என்பது 4 ஆகிறது, 2 என்பது 6, 3 என்பது 7. 8 மட்டும் சிறியது குறியாகவும் (<), 9 சமக் குறியாகவும் (=) மாறுகின்றன. 8-உம் 9-உம்தான் கண்ணில் படும். மற்ற மாற்றங்கள் நல்ல எண்களைப் போலவே நிற்கும். வேறொரு அட்டவணையில் 3 இருந்த இடத்தில் 7 நின்றதை இந்த ஒப்பீடு இல்லாமல் நான் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன்.

இன்னொன்றும் தெரிந்தது. பிழை விழுந்த இடங்களின் எண்களை 4096-ஆல் வகுத்தால் எல்லாவற்றுக்கும் ஒரே மீதி. இயங்குதளம் ராமை 4096 பைட் கொண்ட பக்கங்களாகப் பிரித்துக் கையாள்கிறது; கோப்பையும் அதே அளவுத் துண்டுகளாகத்தான் அதில் வைக்கிறது. ராமில் கெட்ட இடம் ஒன்றே ஒன்றுதான் என்றால், எந்தக் கோப்பு அதன் வழியாகப் போனாலும் பக்கத்துக்குள் அதே தூரத்தில்தான் அடி விழும். அன்று இரவு ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ மென்பொருளை ஓடவிட்டேன். அது காட்டிய பிழை முகவரியையும் 4096-ஆல் வகுத்தேன். அதே மீதி! சி.எம்.பி பைட்டுகளை 1-இல் இருந்து எண்ணும், முகவரி 0-வில் இருந்து தொடங்கும். அந்த ஒன்றைக் கழிக்க மறக்காதீர்கள்.

டிஸ்க் தன் ஒவ்வொரு செக்டருக்கும் திருத்தக் குறியீடு வைத்திருக்கிறது, கேபிளில் போகும் தரவுக்கு சி.ஆர்.சி இருக்கிறது. இவ்வளவு இருந்தும் எப்படி நடந்தது? தங்களிடம் வந்து சேர்ந்ததை அவை பத்திரமாகக் காத்தன. வந்ததே கெட்டது. 1984-இல் வெளியான சால்ட்சர், ரீட், கிளார்க் மூவரின் கட்டுரையில் இதேபோல் ஒரு சம்பவம் வருகிறது. எம்.ஐ.டி-யில் இருந்த ஒரு நெட்வொர்க் இணைப்புக் கணினி, உள்ளே தரவை நகலெடுக்கும்போது சுமார் பத்து லட்சம் பைட்டுக்கு ஒருமுறை பக்கத்துப் பக்கத்து இரண்டு பைட்டை இடம் மாற்றிவிட்டது. வழியில் ஒவ்வொரு கட்டத்திலும் செக்சம் (சரிபார்ப்பு எண்) இருந்தது, அந்தக் கணினியின் வயிற்றுக்குள் மட்டும் இல்லை. ஓர் இயங்குதளத்தின் மூல நிரல்கள் அதனால் கெட்டு, பழைய அச்சுப் பிரதிகளோடு கையால் ஒப்பிட்டுத் திருத்த வேண்டியதாயிற்று. அதனால்தான் கோப்பு நல்ல நிலையில் இருக்கும்போதே ஹாஷை எழுதிவைத்து, கடைசியில் போய்ச் சேர்ந்த இடத்தில் ஒப்பிடச் சொல்கிறேன். இடையில் யார் கொடுக்கிற உத்தரவாதமும் அதற்கு ஈடாகாது.

மறுபடி சேவை மையம். மெம்டெஸ்ட் திரையின் படம் செல்லாதாம், அவர்களுடைய கருவியின் அறிக்கைதான் வேண்டுமாம். அந்தக் கருவியிலேயே நீண்ட சோதனை ஒன்று இருந்தது. அதை ஓட்டுங்கள் என்று நின்ற இடத்தை விட்டு நகராமல் கேட்டு, அது பிழை காட்டிய பிறகுதான் மாற்றித் தர ஒப்புக்கொண்டார்கள். போகிறவர்கள் ராம் ஸ்டிக்குகளைத் தனித்தனியாகவும் ஸ்லாட்டை மாற்றி மாற்றியும் சோதித்துவிட்டுப் போங்கள், பழுது ஸ்டிக்கிலா போர்டிலா என்ற வாதம் அதோடு முடியும். வேகத்தைக் கூட்டும் எக்ஸ்.எம்.பி அமைப்பை அணைத்துவிட்டும் ஒருமுறை ஓட்டுங்கள், அதை நிச்சயம் கேட்பார்கள். ஜோடியாக வாங்கியிருந்தால் நல்ல ஸ்டிக்கையும் சேர்த்துக் கொடுக்கும்படி அவர்கள் கேட்கலாம். ஸ்டிக்கரில் உள்ள வரிசை எண்ணை முன்பே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய டிஸ்க்கில் மூலம் இருந்த கோப்புகளை அதிலிருந்தே மீட்டேன். வேறு நகலே இல்லாத அந்த ஜிப்தான் பாடுபடுத்தியது. 40 மெகாபைட், அதாவது 33 கோடிக்கும் மேலான பிட்டுகள். ஆனால் எந்த பிட், பக்கத்துக்குள் எந்த தூரம் என்பது தெரியும். பக்கத்துக்கு ஓர் இடம் என்று பார்த்தால் சுமார் 10,000 இடங்கள்தான், அதிலும் அந்த பிட் இப்போது 1 ஆக இருப்பவை மட்டும். ஒரு சின்ன நிரல் எழுதி, ஒவ்வொன்றாக 0 ஆக்கி, விரித்துப் பார்த்து, சி.ஆர்.சி பொருந்துகிறதா என்று ஓடவிட்டேன். ஒரே ஓர் இடத்தில் பொருந்தியது. கோப்பு முழுசாகத் திறந்தது. அந்த நிமிடச் சந்தோஷத்தை என்னால் சொல்லி முடியாது.

பிழை எங்கே என்று தெரிந்துவிட்டால் திருத்தம் தானாக வந்துவிடும், ஏனென்றால் பிட்டுக்கு இருப்பதே இரண்டு நிலைதான். பெல் ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஹாமிங் பிடித்த வழியும் இதுதான். வார இறுதியில் ஆளில்லாமல் ஓடும் ரிலே கணினி (மின்காந்த சுவிட்சுகளால் ஆன பழைய கணினி), பிழையைக் கண்டதும் அவருடைய வேலையை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். பிழை இருப்பது தெரிகிற இயந்திரத்துக்கு இடம் ஏன் தெரியக்கூடாது என்று யோசித்தவர், 1950-இல் அந்தக் குறியீட்டை வெளியிட்டார். 4 தரவு பிட்டோடு 3 சரிபார்ப்பு பிட்டை 1, 2, 4 ஆகிய இடங்களில் சேர்க்க வேண்டும். 1-ஆம், 4-ஆம் இடத்துச் சரிபார்ப்புகள் மட்டும் தவறினால், 1 + 4 = 5 என்று கூட்டி, பிழை 5-ஆவது இடத்தில் என்று தெரியும். ஈ.சி.சி ராம் இதே குடும்பம்தான்: 64 பிட்டுக்கு 8 கூடுதல் பிட், ஒரு பிழையைத் திருத்தும், இரண்டு பிழையைக் கண்டுபிடித்துச் சொல்லும். என் கணினியில் அது இல்லை. அடுத்தது வாங்கும்போது அதைத்தான் வாங்கப் போகிறேன்.

மிஞ்சியவை, இந்தக் கணினியிலேயே தட்டச்சு செய்த அட்டவணைகள். சி.ஆர்.சி கிடையாது, மூலமும் கிடையாது. கைகொடுத்தது கூட்டுத்தொகைதான். கூட்டுத்தொகைகளைச் சூத்திரமாக இல்லாமல் எண்களாகவே சேமித்திருந்ததால் அவை தானாக மாறியிருக்கவில்லை. ஒரு வரிசையின் கூட்டல் 40 இடித்தது. ஒரு நெடுக்குக் கூட்டலும் அதே 40 இடித்தது. இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் 153 என்று இருந்ததை 113 ஆக்கியதும் இரண்டும் நேராயின. வரிசைக் கூட்டல் மட்டும் இருந்த அட்டவணைகளில் எந்தக் கட்டம் என்று பிடிக்க முடியவில்லை. அந்த வரிசைகளைச் சந்தேகம் என்று குறித்து, எண்களைத் தொடாமல் விட்டிருக்கிறேன்.