ஆறாவது குழி

எங்கள் கூட்டத்தில் ஒரே ஒரு ஏற்பாடுதான் உண்டு. முடித்த சாமானை யாரும் கொண்டுவரக் கூடாது. பாதியில் நிற்பது, கோணிக்கொண்டது, உடைந்தது, எங்கே தப்பு நடந்தது என்று புரியாமல் மூலையில் சாத்தி வைத்தது, இவைதான் வரவேண்டும்.

மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, காலை ஏழு மணி, கோவை கணபதியில் ஒரு வீட்டின் கார் ஷெட். காரைத் தெருவில் நிறுத்திவிட்டு, நடுவில் ஒரு பழைய மேஜையை இழுத்துப் போடுவோம். ஆறு பேர். பல் மருத்துவர் ஒருவர், மெக்கானிக்கல் படிக்கும் தம்பி ஒருவன், எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் அண்ணன், பள்ளியில் கணக்கு எடுத்து ஓய்வு பெற்ற அக்கா, அப்புறம் நான். எனக்கு ஒரு நூற்பாலையில் அக்கவுண்ட்ஸ் வேலை.

ஆறாவது ஆள் அந்த வீட்டுக்காரர். எல்லோருக்கும் அவர் ஐயா. எங்களில் மரத்தைத் தொட்டுச் சம்பளம் வாங்கியவர் அவர் ஒருவர்தான். 34 வருஷம் ஒரு பவுண்டரியில் பேட்டர்ன் செய்தவர். பேட்டர்ன் என்பது வார்ப்படத்தின் மரத்தாய். பம்ப்புக்கு ஒரு உறை வேண்டுமென்றால் முதலில் அதே வடிவத்தை மரத்தில் செய்வார்கள். அதை மணலில் புதைத்து, உருவி எடுத்து, அந்தப் பள்ளத்தில் இரும்பை உருக்கி ஊற்றுவார்கள். வார்ப்பிரும்பு ஆறும்போது அடிக்கு ஏறக்குறைய ஒரு நூல் சுருங்கும். (ஒரு இன்ச்சுக்கு எட்டு நூல். ஆசாரிமார்களின் இந்தக் கணக்கு எனக்கு இப்போது ஆபீஸிலும் நாக்கில் வந்துவிடுகிறது.) அதனால் பேட்டர்ன்காரர்களின் ஸ்கேலே சுருக்கத்துக்கு இடம்விட்டு, சாதாரண ஸ்கேலைவிடக் கொஞ்சம் நீளமாக இருக்கும். ஐயாவின் ஸ்கேல் இன்னும் அவர் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. அதை எடுத்து அளந்துவிடாதீங்க என்று புதிதாக வருபவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவார். அவ்வளவு வருஷம் மரத்தில் வேலை செய்தும் அவர் இழைத்த ஒரு சாமான்கூட யார் வீட்டுக் கூடத்திலும் கிடையாது. எல்லாம் மணலுக்குள் போய் இரும்பாக வெளியே வந்தவை. இப்போதுதான் பேத்திக்கு ஒரு முக்காலி செய்துகொண்டிருக்கிறார்.

நான் பல்லாங்குழி செய்ய ஆரம்பித்தது அம்மாயிக்காக. கோபிச்செட்டிபாளையத்தில் இருக்கிறார், வயது 84. வீடு மாற்றியபோது பழைய பல்லாங்குழி எங்கேயோ போய்விட்டது. கடையில் வாங்கிக் கொடுத்த மடக்குப் பலகையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கனமே இல்லியே கண்ணு" என்று திருப்பி வைத்துவிட்டார். சரி, நாமே செய்துவிடலாம் என்று பலா மரம் தேடினேன்.

ஒரு மரக்கடையில் நன்றாகக் காய்ந்தது என்று சொல்லி ஒரு துண்டு கொடுத்தார்கள். 22 அங்குல நீளம், 8 அங்குல அகலம், இரண்டேகால் அங்குலம் தடிமன். எடை போட்டால் 5 கிலோ 100. ஐயா அதைக் கையில் வாங்கியதுமே தலையாட்டினார். "அம்மிணி, இது இன்னும் தண்ணி குடிச்சிட்டிருக்குது. இப்பக் குழி தோண்டுனா ஆடிக் காத்துல வாயப் பொளந்துக்கும்."

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசுகிற அந்தக் காற்று பச்சை மரத்துக்கு எமன். மரம் நீளவாக்கில் சுருங்குவது மிகக் குறைவு, அகலவாக்கில்தான் சுருங்கும். அதோடு வெட்டுப்பட்ட இரண்டு முனைகளிலும் ஈரம் சீக்கிரம் போய்விடும், நடுவில் தங்கிவிடும். அந்த இழுபறியில்தான் முனை வெடிக்கும். அதனால் இரண்டு முனைக்கும் பெயின்ட் அடித்து, கட்டிலுக்கு அடியில் இரண்டு ரீப்பர் மேல் வைத்து, ஞாயிறு தோறும் எடை போட்டேன். எலெக்ட்ரிக்கல் கடை அண்ணன்தான் தன் தராசைக் கொடுத்தார். ஒரு நோட்டில் தேதியும் எடையும். எடை இறங்குவது நின்றால் மரம் நம்ம ஊர் காற்றோடு சமாதானமாகிவிட்டது என்று அர்த்தம். எட்டு மாதம் கழித்து 4 கிலோவில் நின்றது. ஒரு கிலோ நூறு கிராம் தண்ணீர் அந்தப் பலகைக்குள் இருந்திருக்கிறது.

அந்த எட்டு மாதமும் நான் வெறுங்கையோடு கூட்டத்துக்குப் போகவில்லை. தீட்டப் பழகினேன். இதைப் பற்றிக் கொஞ்சம் எழுதியே ஆகவேண்டும், ஏனென்றால் வீட்டில் மரவேலை தொடங்கி இரண்டாம் மாதமே விட்டுவிடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மழுங்கிய உளியோடு போராடித்தான் விடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. கடையில் வாங்குகிற உளி பெரும்பாலும் வெட்டத் தயாராக இருக்காது. வாயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். விளிம்பில் மெல்லிய வெள்ளைக் கோடு பளபளத்தால் அது மழுங்கல். கூர் இருக்கும் இடம் வெளிச்சத்தைத் திருப்பித் தராது, கறுப்பாகவே இருக்கும். முதலில் உளியின் தட்டையான முதுகைக் கல்லில் சமமாக்கவேண்டும். பிறகுதான் சாய்வுப் பக்கம், 25 டிகிரி. பல் மருத்துவர்தான் எனக்கு இதில் குரு. தினமும் கருவிகளின் கூரோடு வாழ்கிறவர். பழைய தோல் பெல்ட்டை ஒரு கட்டையில் ஒட்டி, அதில் பச்சை பாலிஷைத் தேய்த்து, உளியை இழுத்து இழுத்துக் காட்டினார். அன்றைக்குப் பலா மரத்துண்டின் முனையில் உளியை வைத்துத் தள்ளினேன். தூளாகக் கொட்டவில்லை, ஏடாகச் சீவிக்கொண்டு வந்தது. வெட்டின இடம் மெழுகு பூசினதுபோல் மின்னியது. மருத்துவர் அந்தச் சீவலை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஏன் சார் என்றேன். "உங்க மொதச் சீவல், தொலைஞ்சுடக் கூடாது" என்றார்.

இப்படித்தான் எங்களுக்குள் ஊக்கம் என்பது நடக்கிறது. சூப்பர், அருமை என்று யாரும் சொல்வது அபூர்வம். சாமானைக் கையில் வாங்கித் தலைகீழாகத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்ப்பார்கள். விரலால் மூட்டைத் தடவுவார்கள். இங்கே ஏன் இப்படிச் செய்தீங்க என்று கேட்பார்கள். நாம் செய்ததை இன்னொருவர் அவ்வளவு நேரம் எடுத்துப் பார்ப்பது, எனக்கு வேறெங்கும் கிடைக்காத ஒன்று. நாள் முழுக்க நான் போடுகிற கணக்கை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. சரியாக இருந்தால் அது கண்ணுக்கே தெரியாது.

தம்பி தன் அக்கா குழந்தைக்கு நடைவண்டி செய்துகொண்டிருந்தான். சக்கரம் ஆடியது. மூன்று மாதம் அதையே கொண்டுவந்தான். மூன்றாவது மாதம் கணக்கு அக்கா அதைத் தரையில் உருட்டச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். "சக்கரம் வட்டமாத்தான் இருக்கு. துளைதான் சாய்ஞ்சிருக்கு, மையத்தில இருந்து போகல" என்றார். அடுத்த முறை வரும்போது செங்குத்தாகத் துளையிட்ட ஒரு கனமான மரக்கட்டையைச் செய்துகொண்டுவந்து அவனிடம் கொடுத்தார். ட்ரில் பிட்டை அந்தக் கட்டையின் துளை வழியாக இறக்கினால் சாய வழியில்லை. இரண்டு ஞாயிறு அவர் அதற்குச் செலவழித்திருந்தார். நடைவண்டி இப்போது ஓடுகிறது. கட்டை ஷெட்டிலேயே ஆணியில் தொங்குகிறது, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

ஒரு ஞாயிறு எல்லோரும் கவுலி பிரவுன் ரோட்டில் இருக்கும் காஸ் வன அருங்காட்சியகத்துக்குப் போனோம். 1902-ல் தொடங்கியது. பள்ளியில் இருந்து என்னை அழைத்துப்போனபோது பாடம் செய்த மிருகங்களை மட்டும் பார்த்துவிட்டு வந்தவள் நான். இந்த முறை மர மாதிரிகள் இருக்கும் பக்கத்தை விட்டு ஒருவரும் நகரவில்லை.

பிறகு குழிகள். ஏழும் ஏழும் பதினாலு. ஒவ்வொன்றும் இரண்டரை அங்குல விட்டம், குழிக்கும் குழிக்கும் நடுவில் இரண்டு நூல் சுவர். காம்பஸில் வட்டம் போட்டு, நடுவை ட்ரில்லில் கொஞ்சம் எடுத்துவிட்டு, மீதியை வாய் வளைந்த உளியும் கொட்டாப்புளியுமாக (மரச்சுத்தியல்) குடைந்தேன். ஒரு குழிக்கு இரண்டு மணி நேரம். நான் கிண்ணம் மாதிரி ஆழமாக, சுவர் செங்குத்தாக நிற்கும்படி குடைந்துகொண்டு போனேன். அழகாகத்தான் இருந்தது. ஐயா சட்டைப் பையில் இருந்து ஐந்து புளியங்கொட்டையை எடுத்துக் குழியில் போட்டு, நாலு விரலால் ஒரே வழியாக வழித்து எடுக்கப் பார்த்தார். இரண்டு உள்ளேயே தங்கிவிட்டன. "மணல்ல இருந்து பேட்டர்ன் உருவி வரணும்னா பக்கம் எல்லாம் வெளிய பாத்துச் சாஞ்சிருக்கணும். நேரா நின்னா மணலப் பிச்சுக்கிட்டு வரும். வெரலுக்கும் அதே கணக்குத்தான் அம்மிணி." முப்பத்து நாலு வருஷ வேலையை அவர் என் பலகைக்குள் வைத்துவிட்டார். எல்லாக் குழிகளின் வாயையும் சரிக்க ஆரம்பித்தேன்.

சரிக்கும்போதுதான் உடைந்தது. மேல் வரிசையில் ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுச்சுவர். டக்கென்று ஒரு சில்லு தெறித்தது, ஆறாவது குழியின் உதடே போய்விட்டது. பன்னிரண்டு குழி முடித்த பிறகு. சில்லை ராத்திரி பதினொரு மணி வரைக்கும் மொட்டை மாடியில் டார்ச் அடித்துத் தேடினேன். கிடைக்கவில்லை. அழுகை வந்தது. பலகையைத் துண்டில் சுற்றி, அந்த மாதம் கூட்டத்துக்குப் போகாமல் இருந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். பாதியில் நிற்பதைத்தான் கொண்டுவரவேண்டும் என்ற ஏற்பாடு இல்லாவிட்டால் போயிருக்கமாட்டேன்.

மேஜைமேல் வைத்தேன். ஒருவரும் அச்சச்சோ என்று சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். கை தவறியதால் மட்டும் உடையவில்லை என்று அன்றைக்குப் புரிந்தது. மரத்தின் நார் பலகையின் நீளத்தோடு ஓடுகிறது. குழிக்கு நடுவில் நிற்கும் சுவரோ குறுக்கே நிற்கிறது. அந்த இரண்டு நூல் சுவரில் ஒவ்வொரு நாரும் இரண்டு நூல்தான் நீளம். பக்கவாட்டில் தட்டினால் பிஸ்கட் மாதிரி ஒடியும். சுவரின் உச்சியில் உளியை வெளியில் இருந்து உள்ளே சரிக்கவேண்டும், நான் உள்ளே இருந்து வெளியே நெம்பியிருக்கிறேன்.

வைத்தியத்தையும் அங்கேயே பேசி முடித்தார்கள். உடைந்த இடத்தை ஒழுங்கான ஆப்பு வடிவத்தில் வெட்டி எடுப்பது. அதே பலகையின் ஓரத்தில் அறுத்த துண்டில் இருந்து ஒரு ஒட்டு செய்வது. ஆனால் நார் சுவரின் நீளத்தோடு ஓடும்படி திருப்பி வைப்பது. அப்படி வைத்தால் ஒட்டுப்போட்ட இடம் மற்றச் சுவர்களைவிடப் பலமாக இருக்கும். ஒட்டை நான்தான் வெட்டவேண்டும் என்றார் ஐயா, உளியைக் கையில் வாங்கவில்லை. மூன்று ஒட்டு வீணாயிற்று. ஒவ்வொரு முறையும் பென்சில் கரியைத் தடவி உள்ளே வைத்து எடுத்து, கரி பட்ட இடத்தை மட்டும் ஒரு மயிரளவு சீவினேன். நாலாவது ஒட்டு, கட்டைவிரலால் அழுத்தியதும் பாதி இறங்கி நின்றது. பெவிகால் தடவி, கொட்டாப்புளியால் இரண்டு தட்டு. சுத்தி நின்றவர்கள் அந்தச் சத்தம் மாறுவதைக் கேட்டார்கள். துண்டு அடியில் போய் உட்கார்ந்ததும் டொக் என்பது டங் என்று ஆகும். கிளாம்ப் பிடிக்க வாகில்லாத இடம். கடைக்கார அண்ணன் பழைய சைக்கிள் டியூபை நீளமாகக் கீறிக்கொண்டுவந்து, பலகையைச் சுற்றி இழுத்து இழுத்துக் கட்டினார். ரப்பரின் இழுவிசை ஒரு நாள் முழுக்கத் தளராது. மறுநாள் அவிழ்த்து, உதட்டைத் திரும்பக் குடைந்தேன், இந்த முறை வெளியில் இருந்து உள்ளே.

உப்புத்தாள் 80-ல் தொடங்கி 120, 220, 400 (எண் கூடக் கூட நைஸ்). பூச்சுக்கு ஆளிவிதை எண்ணெயும் தேன்மெழுகும். அண்ணன் கண்டிப்பாகச் சொன்ன ஒன்றை நானும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணி தானாகவே பற்றிக்கொள்ளும். கொடியில் விரித்துக் காயப்போடவேண்டும், அல்லது தண்ணீரில் முக்கி வைக்கவேண்டும்.

புதிதாக வெட்டிய பலா மஞ்சளாக இருக்கும், வெளிச்சம் பட்டுப் பட்டுப் பழுப்பாகும். அதனால் ஒட்டு இப்போது பளிச்சென்று ஒரு மஞ்சள் கீற்றாகத் தெரிகிறது. அது எனக்குப் பிடித்திருக்கிறது.

போன வாரம் கோபிக்குப் போய்க் கொடுத்தேன். அம்மாயி பலகையை மடியில் வைத்துக் கனம் பார்த்தார். குழிக்கு ஐந்து என்று எழுபது புளியங்கொட்டையைப் போட்டு முதல் ஆட்டத்திலேயே மூன்று பசு (ஒரு குழியில் நாலு கொட்டை சேர்ந்தால் அது பசு) எடுத்துவிட்டார். முடித்த சாமான் கூட்டத்துக்கு வராது என்பதால், நேற்று எல்லோருக்கும் வாயால்தான் சொன்னேன். ஐயா முக்காலியின் காலை இழைத்துக்கொண்டே கேட்டார், "கொட்டை விழற சத்தம் எப்படி இருக்குது?"

நான் கவனிக்கவேயில்லை. வீணைக்கும் மிருதங்கத்துக்கும் எடுக்கிற மரம், சத்தத்தைக் கேட்காமல் வந்துவிட்டேன். அங்கேயே அம்மாயிக்குப் போன் போட்டேன். பக்கத்து வீட்டுப் பாட்டியோடு ஆட்டத்தில் இருந்தார். போனைப் பலகைக்குப் பக்கத்தில் வைங்க, பேசவேண்டாம், ஆடுங்க போதும் என்றேன். ஸ்பீக்கரைப் போட்டு மேஜை நடுவில் வைத்தேன். ஐயா இழைப்புளியைச் சாய்த்து வைத்தார். தம்பி மின்விசிறியை நிறுத்தினான். டொக், டொக், டொக் என்று ஒவ்வொன்றாக விழுந்துகொண்டே போயிற்று.